வயரிங் வரைபடத்தில் ஒரு விளக்கைப் பின்தொடர்தல்: டேஷ்போர்டில் ஒளிரும் யூஎஸ்பி சாக்கெட் பொருத்த ஒரு வழிகாட்டி

காரின் டேஷ்போர்டில் ஒளிவளையம் உள்ள யூஎஸ்பி சாக்கெட் ஒன்றைப் பொருத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். துளை போடுவதும் திருகு முடுக்குவதும் எளிது. எந்த வயரில் இணைப்பது என்பதுதான் கேள்வி. சாக்கெட்டோடு வரும் துண்டுச் சீட்டு "சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ்" என்று சொல்வதோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு பலரும் செய்வது, டேஷ்போர்டுக்குள் கையை விட்டு, அகப்பட்ட வயரில் டெஸ்ட் லாம்பை (மின்சாரம் இருந்தால் எரியும் சோதனை விளக்கை) குத்திப் பார்ப்பது. கார்பரேட்டர் காலத்துக் காரில் அந்தத் தவறு பெரும்பாலும் ஒரு ஃபியூஸோடு போய்விடும். இன்றைய காரில் அதே குத்து ஏர்பேக் வயரிலோ, கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் வயரிலோ விழலாம்.

வரைபடம் கையில் இருந்தால் குத்தித் தேட வேண்டிய அவசியமே இல்லை. முதல் முறை அந்தத் தாளைப் பார்ப்பவர்கள் மலைத்துப்போவதற்குக் காரணம், முழுப் பக்கத்தையும் ஒரே மூச்சில் புரிந்துகொள்ள முயல்வதுதான். அது தேவையே இல்லை. நாம் பொருத்தப்போகும் விளக்கைப் போலவே எரிந்து, அணைந்து, மங்கும் விளக்கு ஒன்று ஏற்கெனவே அந்த டேஷ்போர்டில் இருக்கிறது. ஹசார்டு ஸ்விட்சின் (நான்கு இண்டிகேட்டர்களையும் ஒன்றாக மினுக்கவைக்கும் ஸ்விட்சின்) விளக்கு, சிகரெட் லைட்டரைச் சுற்றியுள்ள வளையம், ஏசி பேனலின் விளக்கு, எதுவானாலும் சரி. அந்த ஒன்றை மட்டும் வரைபடத்தில் கண்டுபிடித்து, மின்சாரம் எங்கிருந்து வருகிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்று விரலை வைத்துப் பின்தொடர்ந்தால் நமக்கு வேண்டிய வயர் தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் கையில் உள்ள பொருள்

சாக்கெட்டின் பின்புறத்தில் எத்தனை முனைகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். இரண்டு முனைகள் என்றால், மின்சாரம் இருக்கும் வரை வளையமும் எரிந்துகொண்டே இருக்கும். விளக்குக்கென்று தனி வழி கிடையாது. மூன்று முனைகள் என்றால் ஒன்று சார்ஜருக்கான பாசிட்டிவ், ஒன்று விளக்குக்கான பாசிட்டிவ், மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான எர்த், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் நெகட்டிவ் முனை. நான்கு முனைகள் இருந்து விளக்கின் இரு முனைகளும் தனியாக வந்தால் அதுதான் மிக நல்லது. ஏன் என்பது பின்னால் விளங்கும். வாங்கும்போதே இதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து மின்னோட்டத்தைக் கணக்கிடுங்கள். 36 வாட் தரும் சார்ஜர் 12 வோல்டில் 3 ஆம்பியர் இழுக்கும். உள்ளே வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் மூன்றரை ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். வளையத்தில் உள்ள எல்இடிக்கோ சுமார் 20 மில்லியாம்பியர் போதும். அதாவது, ஒரே பொருளுக்குள் இருக்கும் இரண்டு பகுதிகளின் பசிக்கும் இடையே நூறு மடங்குக்கு மேல் வேறுபாடு. ஆகவே இரண்டுக்கும் இரண்டு வழிகளில் மின்சாரம் எடுக்க வேண்டும். சார்ஜரின் பாரத்தை டேஷ்போர்டு விளக்கின் வயரில் ஏற்றுவது கூடவே கூடாது. சில எல்இடிகளையும் சிறு பல்புகளையும் தாங்கவே அந்த வழி அமைக்கப்பட்டிருக்கிறது.

சரியான வரைபடம்

உரிமையாளர் கையேட்டில் ஃபியூஸ் அட்டவணை மட்டுமே இருக்கும். அதுவும் பயனுள்ளதுதான், எந்த ஃபியூஸ் எதற்கு என்று அதிலிருந்து தெரியும். வயரிங் வரைபடம் இருப்பது பழுதுநீக்கக் கையேட்டில். அது உங்கள் காரின் மாடலுக்கு மட்டுமல்ல, ஆண்டு, எஞ்சின், ரகம் எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டும். ஒரே பெயரில் விற்கும் காருக்கு நடுவில் முகமாற்றம் வந்திருந்தால் டேஷ்போர்டு வயரிங் முழுக்க மாறியிருக்க வாய்ப்பு உண்டு.

உயர் ரகத்துக்கான வரைபடத்தையும் சேர்த்துப் பாருங்கள். தொழிற்சாலையில் பல ரகங்களுக்கும் ஒரே வயரிங் கட்டைப் போட்டுவிடுவது வழக்கம். உயர் ரகத்தில் கூடுதல் ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் உங்கள் காரில் வெறும் மூடி இருக்கும். ஆனால் அந்த மூடிக்குப் பின்னால் டேப் சுற்றிய கப்ளர் (வயர்களைச் செருகி இணைக்கும் இணைப்பி) ஒன்று தொங்கிக்கொண்டிருக்கலாம். அதில் நமக்கு வேண்டிய விளக்கு வயரும் எர்த்தும் தயாராக இருந்தால், வேலை பாதி முடிந்தது.

கோடுகளைப் படிப்பது

வரைபடத்தில் எல்லா ஸ்விட்சுகளும் ரிலேக்களும் (சுருளில் மின்சாரம் பாய்ந்தால் மாறும் ஸ்விட்சுகளும்) ஓய்வு நிலையில் வரையப்பட்டிருக்கும்: சாவி அணைந்து, விளக்குகள் அணைந்து, ரிலேயின் சுருளில் மின்சாரம் இல்லாமல். பாசிட்டிவ் பெரும்பாலும் பக்கத்தின் மேற்பகுதியில், எர்த் கீழ்ப்பகுதியில். எனவே மேலிருந்து கீழே படிப்பது பொது வழக்கம்.

இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் கரும்புள்ளி இருந்தால் அவை இணைந்திருக்கின்றன. புள்ளி இல்லாவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று கடந்து போகின்றன, அவ்வளவே. வட்டத்துக்குள் பெருக்கல் குறி இருந்தால் விளக்கு. ஒரு பாகத்தைச் சுற்றிய பெட்டி விட்டுவிட்டு வரைந்த கோடாக இருந்தால், அந்தப் பாகத்தின் ஒரு பகுதி மட்டுமே இந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். மீதி வேறு பக்கத்தில் இருக்கும். அம்புக்குறியும் எழுத்தும் வந்து கோடு முடிந்தால் அதே எழுத்தை வேறு பக்கத்தில் தேட வேண்டும். ஃபோக்ஸ்வாகன் வகை வரைபடங்களில் பக்கத்தின் அடியில் வரிசை எண்கள் இருக்கும். ஒரு கோடு சிறு கட்டத்துக்குள் 64 என்று முடிந்தால், அடியில் 64 என்று இருக்கும் இடத்துக்கு நேர் மேலே அதன் தொடர்ச்சி இருக்கிறது.

ஒவ்வொரு கோட்டின் மீதும் வயரின் நிறமும், பல வரைபடங்களில் தடிமனும் எழுதியிருக்கும். 0.5 என்றால் செம்பின் குறுக்குப் பரப்பு 0.5 சதுர மில்லிமீட்டர். நிறக் குறியீட்டில் கவனம் தேவை. ஜப்பானியக் கார்களில் 'பி' என்பது கறுப்பு, நீலத்துக்கு 'எல்'. 'ஜி' பச்சை, 'ஜிஆர்' சாம்பல். ஜெர்மன் வரைபடத்தில் கறுப்பு 'எஸ்டபிள்யூ', நீலம் 'பிஎல்', பழுப்பு 'பிஆர்'. இரண்டு குறியீடுகள் சேர்ந்து வந்தால் முதலாவது வயரின் நிறம், இரண்டாவது அதன் மேல் ஓடும் கோட்டின் நிறம். கறுப்பு என்றால் எர்த் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பல டொயோட்டா கார்களில் வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட வயர்தான் எர்த். ஃபோக்ஸ்வாகனில் பழுப்பு எர்த், கறுப்பிலோ சாவி திருகினால் பாசிட்டிவ் வரக்கூடும். நிறத்தின் பொருளை அந்தக் காரின் வரைபடம் ஒன்றுதான் சொல்ல முடியும்.

எண்களின் பொருள்

ஐரோப்பியக் கார்களின் வரைபடத்திலும் உலகெங்கும் ரிலேக்களின் அடியிலும் சில எண்களைப் பார்ப்பீர்கள். ஜெர்மனியின் டிஐஎன் 72552 என்ற தரத்திலிருந்து வந்தவை அவை. நமக்கு ஐந்து போதும். 30 என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் பாசிட்டிவ், எப்போதும் உயிருள்ளது. 15 என்றால் சாவியை இக்னிஷனுக்குத் திருகினால் வருவது. 31 எர்த். 58 பார்க் லைட்டோடு சேர்ந்து வருவது. 58டி என்பதுதான் நாம் தேடுவது: பார்க் லைட் போட்டால் வந்து, மங்கவைக்கும் திருகுக்கு (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு) கட்டுப்படும் டேஷ்போர்டு விளக்கு வழி.

ஜப்பானிய, கொரிய வரைபடங்களில் எண்களுக்குப் பதிலாக ஏசிசி (எஞ்சின் ஓடாமலே ரேடியோ போன்றவற்றுக்கு மின்சாரம் வரும் சாவி நிலை), இக்னிஷன், டெயில் (பார்க் லைட்), இல்லுமினேஷன் (டேஷ்போர்டு விளக்கு) என்ற சொற்களே சுருக்கமாக இருக்கும். சார்ஜருக்கு ஏசிசி வழியையே நான் பரிந்துரைப்பேன். சாவியை எடுத்ததும் நின்றுவிடும், எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்கும்போதும் சார்ஜ் ஏறும். 30-இல் கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: சும்மா இருக்கும்போது சாக்கெட் 10 மில்லியாம்பியர் குடித்தால்கூட ஒரு நாளில் 0.24 ஆம்பியர்-மணி, 30 நாளில் 7.2 ஆம்பியர்-மணி. காரின் கணினிகளும் தம் பங்குக்குக் குடிக்கும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள சிறிய கார் நெடுநாள் நிறுத்தி வைக்கப்பட்டால் இது கணிசமான இழப்பு.

விளக்கைப் பின்தொடர்வது

இதுதான் நிதானமாகச் செய்ய வேண்டிய பகுதி. ஹசார்டு ஸ்விட்ச் இருக்கும் பக்கத்தைத் திறந்து, அதற்குள் உள்ள விளக்குக் குறியைக் கண்டுபிடியுங்கள். கவனம்: அதில் இரண்டு விளக்குகள் இருக்கலாம். ஒன்று ஸ்விட்சைப் போட்டால் மினுக்குவது. மற்றது பார்க் லைட்டோடு எரிவது. இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. அதன் ஒரு முனையிலிருந்து மேலே போங்கள். விளக்கு முனை, கப்ளர், வயர்கள் கூடும் சந்தி, ஃபியூஸ், பார்க் லைட் ரிலே அல்லது ஸ்விட்ச், பேட்டரி என்று வழி போகும். கடக்கும் ஒவ்வொன்றின் பெயரையும், ஃபியூஸின் எண்ணையும், வயரின் நிறத்தையும் தனித் தாளில் எழுதுங்கள். பிறகு மற்ற முனையிலிருந்து கீழே போங்கள்.

மங்கவைக்கும் கருவி இந்த இரண்டு பயணங்களில் எதில் எதிர்ப்படுகிறது என்பதைப் பொறுத்தே நம் இணைப்பு அமையும்.

மேலே போகும் வழியில் இருந்தால் வேலை சுலபம். ஹசார்டு விளக்கின் பாசிட்டிவ் வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து நம் வளையத்துக்குக் கொடுத்து, எர்த்தைக் காரின் உலோக உடம்பில் கொடுத்தால் போதும். மற்ற விளக்குகளோடு சேர்ந்து இதுவும் மங்கும்.

கீழே போகும் வழியில் இருந்தால், அதாவது விளக்கின் மறுமுனை நேராக எர்த்துக்குப் போகாமல் மங்கவைக்கும் கருவியின் வழியாகப் போனால், நிலைமை வேறு. பல ஜப்பானியக் கார்களில் இந்த அமைப்பு உண்டு. இங்கே விளக்கின் மேல்முனையில் முழு 12 வோல்ட் இருக்கும். எர்த் பக்கத்தில்தான் கட்டுப்பாடு. நம் வளையத்தை உடம்பு எர்த்தில் கொடுத்தால் அது எரியும், ஆனால் மங்காது. இரவு நெடுஞ்சாலையில் கண்ணை உறுத்தும். விளக்குக்கு இரண்டு தனி முனைகள் உள்ள சாக்கெட் என்றால் அதன் எர்த் முனையை அந்த மங்கல் வயரிலேயே சேர்த்துவிடலாம். நான்கு முனைச் சாக்கெட்டை நான் சிபாரிசு செய்தது இதற்காகத்தான். பொது எர்த் உள்ள மூன்று முனைச் சாக்கெட்டை மட்டும் அந்த வயரில் சேர்க்கவே வேண்டாம். சார்ஜரின் மூன்று ஆம்பியரும் மங்கவைக்கும் கருவி வழியே பாய்ந்து அதைக் கருக்கிவிடும். அப்படிப்பட்ட சாக்கெட்டுக்கு எர்த்தை உடம்பில் கொடுத்துவிட்டு, விளக்கின் பாசிட்டிவ் வழியில் ஒரு கிலோ ஓம், கால் வாட் மின்தடை ஒன்றைச் சேர்த்து வெளிச்சத்தை நிரந்தரமாகக் குறைத்துக்கொள்ளலாம். இது எல்இடி வளையத்துக்கு மட்டும்.

மூன்றாவது வகை புதிய கார்கள். அவற்றில் திருகு வெறும் விருப்பத்தைச் சொல்லும். காரின் விளக்கு, கதவு போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் கணினி, விளக்குகளுக்கு மின்சாரத்தை மிக வேகமாகத் துண்டுதுண்டாக்கி அனுப்பி மங்கவைக்கும். அந்த வயரில் மல்டிமீட்டர் 5 அல்லது 7 வோல்ட் என்று சராசரியைக் காட்டினால் பழுது என்று நினைக்க வேண்டாம். சாதாரண எல்இடி வளையம் இதில் ஒழுங்காக மங்கும். ஆனால் இன்னும் சில கார்களில் ஸ்விட்ச் விளக்குக்குத் தனி வயரே இருக்காது. எவ்வளவு மங்க வேண்டும் என்பது தகவல் வயர் வழியே செய்தியாகப் போகும். மேலே போகும்போது உங்கள் கோடு ஃபியூஸுக்குப் போகாமல் கணினிப் பெட்டிக்குள் புகுந்து, அங்கிருந்து முறுக்கிய இரட்டை வயராக வெளியேறினால் இந்த வகை என்று அறியலாம். அங்கே கிளை எடுக்க எதுவும் இல்லை. வளையத்தையும் ஏசிசி வழியிலேயே கொடுத்துவிட்டு, மின்தடை போட்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

கப்ளரின் எந்த முகம்?

வரைபடம் "ஹசார்டு கப்ளர், 4-ஆம் முனை" என்று சொல்லும். கூடவே கப்ளரின் படமும் இருக்கும். அந்தப் படம் கப்ளரை முன்னாலிருந்து, அதாவது செருகும் பக்கத்திலிருந்து பார்த்து வரைந்ததா, வயர்கள் நுழையும் பின்பக்கத்திலிருந்து பார்த்ததா என்று கையேட்டின் முதல் பக்கங்களில் சொல்லியிருப்பார்கள். அதைப் படிக்காமல் எண்ணினால் இடம் வலமாகிவிடும். நான்காவது முனை என்று நினைத்து முதல் முனையில் இணைத்துவிடுவோம். பூட்டும் நாக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதைப் படத்தோடு ஒப்பிட்டு, பிறகு வயரின் நிறத்தையும் சரிபாருங்கள். முனை எண்ணும் நிறமும் ஒத்துப்போனால்தான் அது நம் வயர்.

மீட்டர் வைத்து உறுதிசெய்வது

டெஸ்ட் லாம்பை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அது இழுக்கும் மின்னோட்டம் கணினி சார்ந்த வழிகளுக்கு ஆபத்து. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைப் பெயின்ட் இல்லாத உடம்பு போல்ட்டில் தொடுங்கள். சிவப்பு முனையைக் கப்ளரின் பின்புறமாக, வயரின் உறையைத் துளைக்காமல் நுழைத்துத் தொடுங்கள். ஏசிசி வழி என்றால் சாவி அணைந்திருக்கும்போது சுழியம், ஏசிசியில் 12-க்கு மேல், எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வரை காட்டும். ஸ்டார்ட் செய்யும் கணத்தில் அது விழுந்தால் இயல்பே. விளக்கு வழி என்றால் பார்க் லைட் போடாதபோது சுழியம், போட்டதும் ஏறும், மங்கல் திருகைத் திருப்பினால் மாறும். எர்த் பக்க மங்கல் உள்ள காரில் பாசிட்டிவ் முனை மாறாமல் நிற்கும், மறுமுனைதான் மாறும். தாளில் எழுதியதும் மீட்டர் காட்டுவதும் ஒத்துப்போகாவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு மீண்டும் வரைபடத்துக்குப் போங்கள்.

தொடக்கூடாதவை

மஞ்சள் கப்ளர், மஞ்சள் உறை என்றால் ஏர்பேக். அதில் மீட்டர்கூட வைக்கக் கூடாது. மீட்டர் ஓம் அளவில் இருந்தால் அதன் சிறு மின்னோட்டமே ஆபத்தை வரவழைக்கலாம். முறுக்கிய இரட்டை வயர்கள் பெரும்பாலும் கேன் எனப்படும் தகவல் வழி. பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய இந்த முறையில்தான் இன்றைய காரின் கணினிகள் பேசிக்கொள்கின்றன. ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள் உயர் மின்னழுத்தம். அருகில் போக வேண்டாம்.

இணைக்கத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கையேட்டில் ஏர்பேக்குக்காகச் சொல்லியிருக்கும் நேரம் வரை காத்திருங்கள். ரேடியோவுக்கு ரகசிய எண் கேட்கும் கார் என்றால் அதை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபியூஸும் வயரும்

சார்ஜருக்கான மின்சாரத்தை வயரை வெட்டி எடுக்காமல் ஃபியூஸ் பெட்டியிலிருந்து எடுக்கலாம். ஒரு ஃபியூஸ் இடத்தில் செருகி இரண்டு ஃபியூஸ் போடும் வசதியுள்ள ஃபியூஸ் டேப் கடைகளில் கிடைக்கிறது. ஏசிசியில் மட்டும் உயிர் பெறும் ஃபியூஸ் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கணினி ஆகியவற்றின் ஃபியூஸ்கள் வேண்டாம். பழைய ஃபியூஸை எடுத்தபின் இரு துளைகளில் எதில் மின்சாரம் வருகிறது என்று மீட்டரால் பாருங்கள். புதிய ஃபியூஸோடு சேர்ந்திருக்கும் கால் அந்த உயிருள்ள துளையில் போக வேண்டும். திருப்பிப் போட்டாலும் சாக்கெட் வேலை செய்யும். ஆனால் அதன் பாரமும் பழைய ஃபியூஸ் வழியாகவே ஓடி, ஒருநாள் அந்த ஃபியூஸில் உள்ள ரேடியோ போன்றவையும் சேர்ந்து அணையும்.

ஃபியூஸ் காப்பாற்றுவது சாக்கெட்டை அல்ல, வயரை. வயர் தாங்குவதைவிடக் குறைவாகவே ஃபியூஸ் இருக்க வேண்டும். மூன்றரை ஆம்பியர் சார்ஜருக்கு 0.85 அல்லது 1 சதுர மில்லிமீட்டர் வயரும் 5 ஆம்பியர் ஃபியூஸும் போதும். பிளேடு ஃபியூஸில் 5 ஆம்பியர் வெளிர்பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். விளக்குக் கிளைக்கு 0.5 வயர், கிளை பிரியும் இடத்துக்கு அருகே 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று.

இணைப்பு

விளக்கு வயரில் கிளை எடுக்க, வயரை வெட்டாமல் உறையை மட்டும் சிறிது நீக்கி, புதிய வயரைச் சுற்றிச் சோல்டர் செய்து, துணி டேப் சுற்றுவது நம்பகமானது. அழுத்திப் பூட்டும் பிளாஸ்டிக் கிளிப்புகளை நான் விரும்புவதில்லை. அதிர்விலும் ஈரத்திலும் நாளடைவில் தொடர்பு தளர்கிறது. உத்தரவாதக் காலம் முடியாத கார் என்றால் மூல வயரைத் தொடாமல், சந்தையில் கிடைக்கும் ஆண்-பெண் கப்ளர் ஜோடியை நடுவில் செருகிக் கிளை எடுப்பது உத்தமம். எர்த்துக்கு வரைபடத்தில் எண்ணிட்டுக் காட்டியிருக்கும் எர்த் போல்ட்டுகளில் அருகிலுள்ளதைப் பயன்படுத்துங்கள். ஏர்பேக் கணினியின் எர்த் மட்டும் வேண்டாம்.

வயர் போகும் பாதை பெடல்களுக்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும் ஒதுங்கி, ஏற்கெனவே உள்ள கட்டோடு சேர்ந்து போகட்டும். ஏர்பேக் விரியும் வழியில் எதுவும் குறுக்கிடக் கூடாது.

பேட்டரியை மீண்டும் இணைத்தபின் போனைச் செருகி சார்ஜ் ஏறவிட்டு, சாக்கெட்டின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மின்னழுத்தத்தைப் பாருங்கள். 0.1 வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். பிறகு இருட்டில் பார்க் லைட் போட்டு, திருகைத் திருப்பி, வளையம் ஹசார்டு விளக்கோடு சேர்ந்து மங்குகிறதா என்று பாருங்கள். சாவியை எடுத்துக் கதவுகளைப் பூட்டி, கணினிகள் உறங்கிய பின் பேட்டரி நெகட்டிவுக்கும் அதன் வயருக்கும் இடையே, மின்னோட்டம் மீட்டர் வழியே போகும்படி வைத்து அளந்தால் பொதுவாக 50 மில்லியாம்பியருக்குள் இருக்க வேண்டும்.

எந்த ஃபியூஸில், எந்த வயரில், எந்த எர்த்தில் என்ன சேர்த்தீர்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதி ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை அந்தக் காரில் கை வைக்கும் எலக்ட்ரீஷியனிடம் இருக்கும் வரைபடத்தில் உங்கள் சாக்கெட் இருக்காது.